மூச்சுக்குக் காவல்

பதினோரு ஆண்டுகள் என் மனைவி என் மூச்சை எண்ணியபடி விழித்திருந்தாள். உறக்கத்தில் என் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தொட்டு உலுக்குவாள். நானோ அதை வெறும் குறட்டை என்று எண்ணியிருந்தேன்.

உறக்கப் பரிசோதனையில், மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30ஐ எட்டினாலே நோய் கடுமையானதாம். “முன்பே ஏன் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னேன், நீங்கள் சிரித்தீர்கள்” என்றாள்.

காற்றழுத்தக் கருவியை அணிந்து உறங்குவதே முதல் மருத்துவம். அது எனக்கு ஒத்துவரவில்லை. என் தாடையோ பிறவியிலேயே உள்வாங்கியது. ஆகவே மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பொருத்தினார்கள். எலும்போடு நாக்கின் அடியும் முன்னே வர, அதன் பின்னால் மூச்சுக்கு வழி பிறந்தது.

வாரக்கணக்கில் நீராகாரம்தான். அப்பத்தை உட்கொள்ள இயலாத எனக்குப் பங்குத்தந்தை திருஇரத்தத்தைச் சிறு கரண்டியில் ஊட்டினார். மரத்த உதடு அதை உணரவில்லை, உள்ளம் உணர்ந்தது.

வீக்கம் வற்றியபின், ஓர் இரவு தற்செயலாக விழித்தேன். அருகில் அவள் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். மண்ணில் உயிர்மூச்சை ஊதிய இறைவன், என் மூச்சுக்கு அவளையே காவல் வைத்திருந்தார். அன்று அவள் மூச்சை நான் எண்ணினேன்.