பின் சக்கரமும் நானும்

மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள் சவாரிகூட, பன்னிரண்டு வயதில் ஆம்பூர் பஜாரில் ஒரு வெங்காய வண்டியின் மேல் மோதியதோடு சரி. ஆனால் பின் ஸீட்டில் உட்கார்ந்து பிரயாணம் செய்வதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம் உண்டு. முதலில் வீட்டுக்காரரின் பின்னால். இப்போது பிள்ளையின் பின்னால். பின் ஸீட்டுக்காரிக்கு மிக நெருங்கிய உறவு பின் சக்கரந்தானே? அந்த உறவு முறையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைக்கு வேலூரில் வேலை. தினம் ஆம்பூரிலிருந்து சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் வருகிறான். அவன் வைத்திருப்பது பந்தயக் குதிரை மாதிரி ஒரு வண்டி. ஓட்டுகிறவன் முன்னால் குப்புறக் கவிழ்ந்துகொள்ள வேண்டும். பின்னால் உட்காருகிறவளுக்கு ஆகாயத்தில் ஒரு பலகை போட்டிருப்பார்கள். அதில் ஏற ஓர் ஏணியும், இறங்க இரண்டு பேரும் வேண்டும். வண்டியின் பெயர் வேண்டாம். நடந்த தப்பில் வண்டிக்குப் பங்கு இல்லை.

2024 ஆடி மாதம், பழைய பின் டயர் வழவழவென்று தேய்ந்துவிட்டது. "புதுசு வாங்கணும்மா. இந்த முறை கொஞ்சம் பெரிசாப் போட்டுடறேன்" என்றான்.

"எதுக்குடா பெரிசு?"

"பின்னாலேருந்து பார்த்தா வண்டி ஒல்லியாத் தெரியுதும்மா. பெரிய டயர்னா ரோட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

இரண்டாவது காரணம் எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை தினம் நெடுஞ்சாலையில் போகிறவன். சக்கரம் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் எந்தத் தாய்தான் வேண்டாமென்பாள்? நாலாயிரத்துச் சொச்சம் எடுத்துக் கொடுத்தேன். ஆகவே, இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான்.

டயர் வந்தது. பார்ப்பதற்கு ஜோராகத்தான் இருந்தது. ஒரு வாரம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது" என்றான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால், வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்து நின்றது. யாரோ இடுப்பில் குடத்தோடு நிற்பது போல. "உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது" என்று சொல்லிவிட்டான். பெண்பிள்ளைகளின் கண்ணுக்கு இந்த வீட்டில் எப்போதும் அவ்வளவுதான் மரியாதை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி மலைமேல் அத்தனாவூரில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷம். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி மலை ஏற வேண்டும். ஏலகிரிப் பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் ஒரு வாசனை வந்தது.

தோல் ஷாப்பு ஊரில் பிறந்தவளுக்கு வாசனையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம். ஷூ கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சோலில் பசை பிடிப்பதற்காக ரப்பரை மெஷினில் கொடுத்து உராய்ப்பார்கள். அப்போது கருக்கலாக ஒரு வாடை வரும். அதே வாடை! அதோடு, குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

"நிறுத்துடா!"

"வளைவுலே நிறுத்தக் கூடாதும்மா."

"அப்போ வளைவு முடிஞ்சதும் நிறுத்து. நிறுத்தாவிட்டால் நான் குதிச்சிடுவேன்."

நிறுத்தினான். குனிந்து பார்த்தோம். மட்கார்டின் உள்பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. டயரின் நடுவே விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு. செயின் ஓடுகிற பக்கத்தில், டயருக்கும் செயினுக்கும் நடுவே என் தாலிச் சரடு நுழைகிற அளவுதான் இடம் இருந்தது. அந்த இடுக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த நடுக்கத்தை உங்களுக்கு எழுத்தில் சொல்ல முடியாது. நான் பஸ் பிடித்து மலை ஏறினேன். அவன் மெள்ளத் தனியாக வந்து சேர்ந்தான்.

ஒரு வாரம் தனியாக ஓட்டியபோது ஏன் உரசவில்லை? ஏனென்றால் அப்போது நான் ஏறவில்லை! இரண்டாவது ஆள் உட்கார்ந்ததும் வண்டியின் ஸ்பிரிங் அழுந்திச் சக்கரம் மேலே ஏறுகிறது. மேலே மட்கார்டு காத்திருக்கிறது. டயர் மாற்றினால், பின் ஸீட்டில் ஒரு கனமான ஆளை உட்கார வைத்துத்தான் சோதனை பார்க்க வேண்டும். இந்த உத்தியோகத்துக்கு எங்கள் வீட்டில் என்னை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மறுநாள் எங்கள் தெருக்கோடி மெக்கானிக் பாயிடம் போனோம். வீட்டுக்காரரின் பழைய வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர். அவர் டயரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஷூ கம்பெனியிலே இருந்தவங்கதானே? ஏழாம் நம்பர் லாஸ்ட்டுக்கு வெட்டின அப்பரை ஆறாம் நம்பர் லாஸ்ட்டிலே இழுத்தா என்ன ஆகும்?" என்றார்.

"சுருக்கம் விழும். மூக்கு தூக்கிக்கும்."

"அதேதான். டயர் அப்பர், ரிம்மு லாஸ்ட்."

அவ்வளவுதான், எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உங்களில் ஷூ கம்பெனியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லாஸ்ட் என்பது கால் போலவே செய்த கட்டை. அதன் மேல்தான் தோலை இழுத்து ஷூவுக்கு உருவம் கொடுப்பார்கள். இங்கிலீஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம். பிரெஞ்சு அளவில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நீளம் சரியாக இருந்தாலும் அகலத்துக்குத் தனியாக அளவு உண்டு. அகலம் தப்பினால், நீளம் சரியாக இருந்தும் கால் கடிக்கும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களும் இப்படித்தான். பழைய டயரில் 130/70-17 என்று இருந்தது. 130 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பதை எல்லோரும் உயரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உயரம் அல்ல. அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு உயரம் என்று அர்த்தம். 130-இல் எழுபது பங்கு 91 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே டயருக்கு மில்லிமீட்டரும் அங்குலமும் நூற்றுக் கணக்கும் சேர்த்து எழுதிய புண்ணியவானை நான் பார்க்க வேண்டும்!

அன்று ராத்திரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ரிம் 17 அங்குலம், சுமார் 432 மில்லிமீட்டர். அதோடு மேலே 91, கீழே 91. பழைய சக்கரத்தின் முழு உயரம் 614. பிள்ளை வாங்கி வந்தது 150/70. அதன் பக்கச் சுவர் 105; முழு உயரம் 642. இருபது மில்லிமீட்டர் அகலம் கேட்டவனுக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரமும் சேர்ந்து வந்துவிட்டது! அகலத்தைக் கூட்டினால், அந்த 70 தானாகவே உயரத்தையும் கூட்டிவிடுகிறது. ஸ்டாண்டில் வண்டி ஏன் சாய்ந்தது என்பதும் விளங்கிற்று. பின்பக்கம் பதினாலு மில்லிமீட்டர் எழும்பிவிட்டது. ஸ்டாண்டோ பழைய உயரத்திலேயே இருக்கிறது. என் கண்ணில் கோளாறு இல்லை. இதைப் பிள்ளையிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இன்னொன்று. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு 88 மில்லிமீட்டர் அதிகமாக ஓடுகிறது. வேகம் காட்டும் மீட்டர் பின் சக்கரத்திலிருந்தோ கியரிலிருந்தோ கணக்கு எடுக்கிற வண்டியானால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63-இல் போய்க்கொண்டிருக்கும். ஏ.பி.எஸ். பிரேக்கும் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயம். சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்துத்தான் அது வேலை செய்கிறது. முன்னும் பின்னும் இருக்கும் பிரமாணத்தை நாம் கலைத்தால் அதன் கணக்கும் கலையும்.

பிள்ளை சும்மா இருப்பானா? "அப்போ 150/60 போட்டா?" என்றான். போட்டுப் பார்த்தேன், கணக்கைத்தான். பக்கச் சுவர் 90. முழு உயரம் 612. பழையதற்கும் இதற்கும் இரண்டே மில்லிமீட்டர்! எனக்கே திகைப்பாகிவிட்டது. பையன் முகத்தில் வெற்றிப் புன்னகை. மறுபடி பாயிடம் ஓடினோம்.

அவர் ரிம்மின் உள் அகலத்தை அளந்தார். மூன்றரை அங்குலம். "நூத்தம்பதுக்கு நாலு அங்குல ரிம்மு இருந்தா அழகா உட்காரும். இதிலே மாட்டினா ரெண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கிட்டு, நடு முதுகு கூன் விழும்" என்றார். கூன் விழுந்த டயர் நேராகப் போகும்போது நடுவிலே மட்டும் ரோட்டைத் தொடும். நடு சீக்கிரம் தேயும். வளைவில் சாய்த்தால், டயர்க்காரர் எண்ணிச் செய்த வளைவு அங்கே இருக்காது. ரோட்டை அதிகமாகப் பிடிக்கும் என்று எதற்காக வாங்கினோமோ அதுவே நடக்காது! கனமும் கூடுகிறது, வண்டியைத் திருப்ப முன்னைவிட அதிகம் தள்ள வேண்டியிருக்கிறது. செயின் பக்கத்து இடுக்கோ அப்படியே இருக்கிறது. உயரம் குறைந்ததே தவிர அகலம் குறையவில்லையே?

பிள்ளைக்கு அரை மனசு. "யமஹா ஆர்15-க்குப் பெரிசாப் போட்டாங்களே?" என்றான். உண்மைதான். 2008-இல் அந்த வண்டி வந்தபோது பின் டயர் 100/80. ஒல்லியாக இருக்கிறது என்று ஊரெல்லாம் இவனைப் போன்ற பிள்ளைகள் குறைப்பட்டார்கள். 2011-இல் வந்த வண்டியில் 130/70. 2018-இல் வந்ததில் 140/70. ஆனால் கம்பெனிக்காரர்கள் டயரை மட்டும் மாற்றவில்லை. ரிம்மை மாற்றினார்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் கையை மாற்றினார்கள், முன் டயரையும் 80-லிருந்து 90, பிறகு 100 என்று ஏற்றினார்கள். லாஸ்ட்டை மாற்றிவிட்டு அப்பரை வெட்டினார்கள். நம் பிள்ளைகள் அப்பரை மட்டும் மாற்றுகிறார்கள்.

இந்தக் காற்றடைத்த டயரின் பூர்வ கதை உங்களுக்குத் தெரியுமோ? 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று அதிருகிறதே என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். ஆக, பிள்ளைக்கு டயர் பார்த்துக் கொடுக்கும் பெற்றோர் ஜாதி அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குப் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் இன்றைய எம்.ஆர்.எப். அவர்களுடைய ஒரு தொழிற்சாலை நம் அரக்கோணத்துப் பக்கத்தில் இருக்கிறது.

புது டயர் வாங்க இந்தத் தடவை நானும் கடைக்குப் போனேன். பழைய அளவே, 130/70-17. அளவுக்குப் பின்னால் 62P என்று இருந்ததையும் குறித்துக்கொண்டு போயிருந்தேன். 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும். P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். புது டயரில் இந்த இரண்டும் கூடினால் பாதகமில்லை, குறையக் கூடாது. ரேடியலா சாதாரணமா, டியூப் உண்டா இல்லையா என்பதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தது.

கடைக்காரர் எடுத்து வைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் வருஷம். எங்கள் பழைய தண்டச் செலவு டயரில் அது 2319. அதாவது 2019-ஆம் வருஷத்து இருபத்து மூன்றாவது வாரம். ஐந்து வருஷம் தூங்கிய சரக்கைத் தலையில் கட்டி, "உங்களுக்காகத் தள்ளுபடி" என்று அந்த வேறு கடையில் சொல்லியிருக்கிறார்கள்! இவரிடம் அந்த வருஷத்துச் சரக்காகவே கேட்டு வாங்கினேன். "அம்மா, நீங்க டயர் கம்பெனியா?" என்றார். "இல்லைங்க, ஷூ கம்பெனி" என்றேன்.

மாட்டும்போது, சுற்றும் திசைக்குப் போட்டிருந்த அம்புக்குறியை நானே பார்த்தேன். பிறகு என்னைப் பின் ஸீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பாய் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. செயின் பக்கம் ஒரு விரல். இரண்டு பேர் போகும்போது காற்று சற்று அதிகம் வேண்டும் என்று வண்டியிலேயே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அதையும் நாள்காட்டித் தாளில் எழுதிக்கொண்டேன்.

பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் வேலூரிலிருந்து வந்தவன், "வளைச்சா சட்டுன்னு வளையுதும்மா. முன்னே இருந்தமாதிரி தள்ள வேண்டாம்" என்றான். அவ்வளவு சொன்னதே பெரிசு.

தை மாதம் மறுபடி ஏலகிரிக்குப் போனோம். பதினாலு வளைவுக்கும் மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போனதும் யார் வீட்டிலோ பலாப்பழம் அறுத்த வாசனை வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. அந்த 150 டயரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லையில் போட்டு மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். அது துளிர்விடுவதற்குள் பக்கத்து வீட்டுக் கோழி அதில் முட்டையிட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அகலம் அதற்குச் சரியாக இருக்கிறது போலிருக்கிறது.