முன்சக்கரத்தின் சிறு திருகு



பட்டணங்களில் பிழைக்க வந்த நம்முடைய குடும்பங்களில் இப்பொழுது பிள்ளைகள் வாங்குகிற வாகனங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்குத் தவணை கட்டவே தவித்த நாம், இன்று காடு மேடெல்லாம் ஏறவல்ல பெரிய வண்டிகளை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். போன மாதம் ஒரு வாலிபன் தன் புதிய நான்கு சக்கர இழுவை வண்டியைக் காட்டி, "ஐயா, உங்கள் ஜிப்ஸியைப் போல இதுவும் இருபது வருடம் உழைக்குமா?" என்று கேட்டான். அவனுக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி. 2004-ல் பதிவான அந்த வண்டியை 2009-ல், கல்யாண் நகரில், பழையதாக வாங்கினேன். ஜப்பானின் சுசுகி ஜிம்னி வண்டியின் வழியில் வந்த இந்த ஜிப்ஸி 1985-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1996-ல் அதற்கு 1,300 சி.சி. அளவுள்ள இயந்திரம் கிடைத்தது. ராணுவமும் காவல்துறையும் விரும்பி வாங்கின. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை முடிவுக்கு வந்தது. ஏணியைப் போன்ற சட்டம், நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங் பட்டைகள், எடை ஏறக்குறைய ஒரு டன். சொகுசு என்று எதுவும் அதில் இல்லை. நெடுந்தூரம் சென்றால் இடுப்பு வலிக்கும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். ஆயினும் ஜவ்ஹார், மொக்காடா மலைப்பகுதிகளில் உள்ள வார்லி மக்களின் பாடாக்களுக்கு மாதம் இருமுறை நான் போகவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அங்கே வேறு வண்டி ஏறாது.

இத்தகைய வண்டியில் வழக்கமான கியர் கம்பியின் அருகே இரண்டாவது கம்பி ஒன்று இருக்கும். சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். சேற்றிலோ மணலிலோ இந்தக் கம்பியை மாற்றினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். அதற்கு முன் கீழே இறங்கி, முன்சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் உள்ள சிறு திருகை 'ஃபிரீ' என்பதிலிருந்து 'லாக்' என்பதற்குத் திருப்பவேண்டும். என் வண்டியில் அப்படித்தான். இந்தக் காலத்து வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் போதும் என்கிறார்கள். திருகோ பொத்தானோ, உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் மூன்று வருடம் வண்டியை ஒழுங்காகப் பராமரித்தேன். பின்பு அது என்னைக் கைவிடாது என்கிற மெத்தனம் வந்தது. இயந்திர எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றினேன். ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்த வேலை. முன்சக்கரத் திருகுகளையோ இரண்டு வருடமாகத் தொடவில்லை. தேவைப்படவில்லை என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

2014 ஜூன் மாதம், முதல் மழையில், ஒரு தரைப்பாலத்தின்மேல் ஓடிய தண்ணீரைக் கடந்தேன். அச்சு முழுவதும் நீரில் மூழ்கியது. கரையேறியபோது உடன்வந்தவர்கள் கைதட்டினார்கள், எனக்கும் பெருமையாயிருந்தது. வீட்டுக்கு வந்து மேற்பூச்சைக் கழுவித் துடைத்து நிறுத்தினேன். அடுத்த வாரம் முதல் வண்டியின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊளை போன்ற ஒரு சத்தம் வந்தது. வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்தேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது.

ஜூலை மாதம் ஒரு பாடாவில் இரவு தங்கியிருந்தேன். அந்தப் பகுதி அப்பொழுது தாணே மாவட்டத்தில் இருந்தது. அடுத்த மாதம்தான் பால்கர் தனி மாவட்டமானது. விடியற்காலையில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. 108 ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முடியும் இடம்வரை வந்து காத்திருந்தது. இடையில் இரண்டு கிலோமீட்டர் செம்மண் சேறு, அதில் ஒரு செங்குத்தான ஏற்றம். "என் வண்டியில் நான்கு சக்கரமும் இழுக்கும், பயப்படாதே" என்று அவளுடைய கணவனிடம் சொன்னேன். கொட்டும் மழையில் இறங்கி இடப்பக்கத் திருகைத் திருப்பினேன், திரும்பியது. வலப்பக்கத் திருகு பாதியில் நின்றது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. இவ்வளவு போதும் என்று எண்ணி ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அது போதவில்லை. ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு மறுபக்கம் பூட்டாமல் இருந்தால் முன்னச்சுக்கு வருகிற விசை முழுவதும் பூட்டாத பக்கத்துத் தண்டை வெறுமனே சுழற்றுவதில் போய்விடும். டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே சுழற்சியைக் கொடுக்கிறது. ஆகையால் ஒரு திருகு இறுகியதால் எனக்கு மூன்று சக்கர இழுவை கிடைக்கவில்லை, பழையபடி இரண்டுதான். ஏற்றத்தின் நடுவில் பின்சக்கரங்கள் குழிதோண்டிக்கொண்டு இறங்கின. உள்ளே அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆண்கள் அவளைப் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் தூளிகட்டித் தோளில் சுமந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வேறு எதற்கும் நான் உதவவில்லை. ஆம்புலன்சில் குழந்தை பிறந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காமல் ஜவ்ஹாரிலிருந்து நாசிக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினாள். இருவரும் இன்று நலமாயிருக்கிறார்கள். என்றாலும் அந்தக் கணவன் சேற்றில் நின்ற என் வண்டியைப் பார்த்து, "நான்கும் இழுக்கும் என்றீர்களே, தாதா" என்று கேட்ட குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

கல்யாணில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை சாச்சா என்றே அழைப்போம். வலப்பக்கத் திருகைக் கழற்றி உள்ளே காய்ந்துபோன கிரீசையும் துருவையும் காட்டினார். சுத்தம்செய்து புதிய கிரீஸ் தடவ அரை மணி நேரம் ஆயிற்று; செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. பின்பு பின்னச்சின் அடித்திருகைத் திறந்தார். எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த காப்பியைப்போல் ஒன்று வழிந்தது. "பாதர் சாஹிப், நதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றார். பேரிங்குகளும் பற்சக்கரங்களும் அரிக்கப்பட்டிருந்தன. 14,000 ரூபாய் ஆயிற்று.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதை அன்றுதான் கற்றேன். ஓடிவந்த அச்சு சூடாயிருக்கும். உள்ளிருக்கும் காற்றும் சூடாயிருக்கும். திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது அந்தக் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். அதற்காகவே அச்சின்மேல் மூச்சுக்குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது சேற்றால் அடைபட்டிருந்தது. ஆகவே அச்சு தன் சீல்களின் வழியாகத் தண்ணீரைக் குடித்தது. அந்தக் குழாயை ஒரு துண்டு ரப்பர் குழாயால் உயரத்துக்கு நீட்டிவிட்டார் சாச்சா. இந்த வண்டிக்கு நான் செய்ததிலேயே மலிவான, மிகப் பயனுள்ள வேலை அதுவே.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். நீரில் அச்சு மூழ்கினால் அந்த வாரத்திலேயே முன்னச்சு, பின்னச்சு, கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி எல்லாவற்றின் எண்ணெயையும் சிறிது வடித்து நிறம் பார்ப்பேன். பிரேக் டிரம்களைக் கழற்றிச் சேற்றை எடுப்பேன். அங்கே தங்கும் மணல் பிரேக் ஷூக்களை அரம்போலத் தேய்த்துவிடும். புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகளுக்கு கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸ் ஏற்றுவேன். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். மும்பைப் பக்கத்து ஈரத்தில் துரு கீழேயிருந்து மட்டும் வருவதில்லை. நனைந்த செருப்போடு நாம் ஏறுவதாலும் உள்ளேயிருந்து வருகிறது. 2017-ல் ஓட்டுநர் இருக்கையின் கீழே தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டினேன்.

மாதம் ஒருமுறை இரண்டாவது கம்பியையும் இயக்குகிறேன். இதை மண்பாதையில்தான் செய்யவேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டாதீர்கள். வளைவில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே தூரம் உருளுவதில்லை, அந்த வேறுபாடு பற்சக்கரங்களையும் தண்டுகளையும் முறுக்கும். நம் பிள்ளைகளில் சிலர் மழையில் நனைந்த விரைவுச்சாலையிலும் பெருமைக்காக அதைப் போட்டுக்கொண்டு செல்வதைப் பார்த்திருக்கிறேன். நான்கு டயர்களையும் ஒரே அளவில் வைப்பதும் இதனால்தான்.

பதிவைப் புதுப்பிக்கும் செலவும் கூடிவிட்டது. 2019-ல் 600 ரூபாய் கட்டினேன். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2024-ல் அதைக் கட்டினேன். 20 வருடம் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். சுற்றுச்சூழல் வரி தனி. "அப்பா, இதை விற்றுவிட்டுப் புதியதைப் பாருங்கள்" என்கிறான் மகன். அவன் சொல்வதில் நியாயமிருக்கிறது. காற்றுப்பைகள் இல்லாத வண்டியில் என் மனைவி ஏறும்போதெல்லாம் எனக்கும் அந்த எண்ணம் வருகிறது. இப்பொழுது நெடுஞ்சாலைக்கு ரயிலையே தெரிந்துகொள்கிறோம். ஜிப்ஸி மலைக்கு மட்டும்.

ஆகவே கேள்வி கேட்ட வாலிபனை அடுத்த சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன், தன் வண்டியோடு. வாங்கி எட்டு மாதமாகியும் நான்கு சக்கர இழுவைப் பொத்தானை அவன் ஒருமுறையும் அழுத்தியதில்லையாம். பத்லாபூரைத் தாண்டி ஒரு மண்பாதை இருக்கிறது. பழைய துணியும் கிரீஸ் டப்பாவும் நான் கொண்டுவருவேன்.