179 மில்லிமீட்டர்

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் முதலில் பிரேசிலில் வந்த செடான். 2022-ல் புனே பக்கத்து சாக்கனில் தயாரித்து இங்கே விற்க வந்தபோது, நம் சாலைக்கென்று சற்று உயர்த்தினார்கள். தரை இடைவெளி 179 மி.மீ.

வாங்கிவிட்டேன். காரணம் அம்மா.

இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். இருபத்தைந்து கி.மீ. வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். எங்கள் ஊர் எல்லையில் அதைப் போட்ட புண்ணியவானுக்கு அந்த விதி தெரியாது போலிருக்கிறது. பழைய காரில் ஐந்து பேர் போனால் அடிவயிறு உரசும். மூன்று பேர் இறங்கி நடப்பார்கள். முழங்கால் தேய்ந்த அம்மாவை மட்டும் இறக்க முடியாது. "என் ஒருத்தியாலதானே தட்டுது" என்று முனகுவாள். அப்புறம் ஊருக்கு வருவதையே தவிர்க்க ஆரம்பித்தாள்.

மகன் எஸ்யூவி வாங்கச் சொன்னான். அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்க அவளால் ஆகாது. இது நடுவாந்திரம். புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.

179 என்பது காலி வண்டிக் கணக்கு. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். தைப்பூசத்துக்கு ஐவரும் போனோம். முதல் கியரில், கொஞ்சம் சாய்வாக ஏற்றினேன். சத்தமே இல்லை.

அம்மா கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். "மேட்டை எடுத்துட்டாங்களாடா?"