அக்காவைப் பார்க்க அக்கரைக்கு!

கம்பம் பள்ளத்தாக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உறவுள்ள குடும்பங்கள் உண்டு. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. 3,00,000 பேருக்கு அங்கேயே குடியுரிமை என்று முடிவானது. ஒரே வீட்டில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே! குச்சனூரிலிருக்கும் என் மாமியாருக்கு ஹட்டனில் ஓர் அக்கா. "கண்ணை மூடுறதுக்குள்ள அவ முகத்தைப் பார்த்துடணும்" என்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயில் கூட்டம் ஓய்ந்ததும் கிளம்பலாமென்று ஏற்பாடு செய்கிறோம்.

அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்களாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. 2023 அக்டோபர் முதல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள். ஆனால் அது யாழ்ப்பாணப் பக்கம். அடைமழைக் காலத்தில் ஓடுவதுமில்லை. ஹட்டனுக்குப் போக நமக்கு மதுரை விமானம்தான் சௌகரியம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு! அங்கிருந்து மலைப்பாதை.

முதல் வேலை பாஸ்போர்ட். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் வேறொன்று என்றிருக்கும். அதை முதலில் திருத்துங்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்தது 'ஈ.டி.ஏ.' என்னும் அனுமதி. புறப்படுமுன்பே இலங்கை அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். 30 நாள் தங்கலாம். கட்டண விதி அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆசையாகக் கம்பம் பன்னீர் திராட்சையையும், விதை, செடிகளையும் மூட்டை கட்டாதீர்கள். அனுமதிச் சீட்டில்லாமல் விடமாட்டார்கள். முறுக்கும் அதிரசமும் போதும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி தவறினாலும் மருந்து தவறக்கூடாதல்லவா? ஹட்டனில் குளிர், குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா அவசியம். கொழும்பில் டெங்குக் கொசு உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். பௌர்ணமி தோறும் 'போயா' விடுமுறை. அன்று அலுவலகம், வங்கி எதுவும் இராது.

2025 நவம்பரில் 'டித்வா' புயல் மலைநாட்டை உலுக்கிவிட்டது. ஆகவே ரயில், சாலை நிலவரத்தை உறவினரிடம் விசாரித்த பிறகே தேதி குறியுங்கள். வயதானவர்களின் ஆசையை "அடுத்த வருஷம்" என்று தள்ளாமல், இன்றைக்கே பாஸ்போர்ட் வேலையைத் தொடங்குங்கள், சகோதரிகளே!