இறங்குமுன் ஏறக் கற்போம்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்னும் கடற்கரை நகர் உண்டு. காற்றுருளையை முதுகில் பூட்டிக் கடலடிக்குச் செல்லக் கற்போர் அங்குள்ள சான் கார்லோஸ் கடற்கரையில் திரளக் கண்டோம். நாளொன்றுக்கு ஓரடிக்கு மேலும் வளரவல்ல பெரும்பாசிகள் அவ்வளைகுடாவில் காடென நிற்கின்றன.

தொலைவிலுள்ள இடங்களுக்கு நீந்திச் சென்றால், மூழ்குமுன்னரே உடல் களைத்துவிடும். ஆதலின் சிலர் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை நாடுகின்றனர். மேலே அமர்ந்து செலுத்தும் வகையே இதற்கேற்றது. புகுந்த நீர் தானே வடிந்துவிடும். துடுப்பு முதல் காற்றுருளை வரை யாவற்றையும் படகோடு கட்டுதல் வேண்டும். கட்டாத பொருள், படகு கவிழ்ந்தால் கடலுக்கே சொந்தம்.

உரிய இடத்தில் நங்கூரமிட்டு, சிவப்பில் வெண்பட்டை சரிந்தோடும் கொடியை உயர்த்துவர். காற்றுருளையை மிதவைச் சட்டையோடு நீரில் மிதக்கவிட்டு, அங்கேயே அணிவர். நங்கூரக் கயிற்றின் வழியே இறங்கி, அது உறுதியாய்ப் பற்றியுள்ளதைக் கண்ட பின்னரே அப்பால் செல்வர். ஆளற்ற படகு மிதந்து அகன்றால், கரை மிகத் தொலைவாகிவிடும் அன்றோ?

காற்று குறையுமுன் திரும்பி, மெல்ல மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவர். பின்பு ஈயக் கனத்தையும் காற்றுருளையையும் கழற்றிப் படகில் பிணைத்து, கால்களை உதைத்துக் குப்புற ஏறுவர். களைத்த உடலுக்கு இவ்வேற்றமே கடினம். ஆகவே ஆழமற்ற நீரில், சுமையின்றி, கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறுவதே முதற்பாடம். முறையான பயிற்சியும் உடன்வரும் துணையும் இன்றியமையாதவை.

கடலுக்குப் புறப்படும் பிள்ளையிடம், "எவ்வளவு ஆழம் செல்வாய்?" என்று கேட்குமுன், "எவ்வாறு திரும்பி ஏறுவாய்?" என்று பெற்றோர் கேட்பார்களாக.