பெல்ட்டை இழுத்துப் பாருங்க சார்!

பி.காம். படித்தவனுக்குப் பழைய வண்டி வாங்குவது பிரமாதமா? கணக்குதானே! அஞ்சு வருஷ டீசல் காம்பாக்ட் எஸ்.யு.வி., பளபள வெள்ளை, ஓடியது 38 ஆயிரம் கிலோமீட்டர். மனைவியின் வளையலை அடகு வைத்த பணத்தோடு போனேன்.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் பானெட்டைத் தொட்டார். சூடு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க தம்பி. ஆறின என்ஜின்லதான் புகை, சத்தம் எல்லாம் மாட்டும்."

"ஒரிஜினல் டயர் சார்" என்றார் விற்றவர். டயரில் 1423 என்று இருந்தது. அதாவது 2023-ல் 14-வது வாரம் தயாரானது! கிளட்ச் பெடல் ரப்பரோ மொழுக்கென்று தேய்ந்திருந்தது.

"ஆபீஸ், வீடு... அவ்வளவுதான் ஓட்டினேன்" என்றார் பெருமையாக. அதுவும் வம்புதான். 2020-ல் பி.எஸ். 6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் கரிப்புகையைப் பிடிக்க ஃபில்டர் உண்டு. ஹைவேயில் சீராக ஓடினால்தான் கரி எரியும். டிராபிக்கிலேயே ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

"மீட்டர் நிஜம்னா ஃபில்டருக்குக் கேடு, பொய்னா என்ஜினுக்குக் கேடு" என்றார் அண்ணன். ஆடிட்டர் தோற்றார்!

கடைசியாக சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் காய்ந்த சேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற அதே நிறம். கையை விட்டதும் பெல்ட் சுருண்டு உள்ளே போனது, ஒன்றும் தெரியாததுபோல. விற்றவரும் அப்படியே நின்றார்.

மறுநாளே வளையலை மீட்டேன். ஒரு நாளுக்கு ஒரு மாச வட்டி வாங்கிவிட்டார் சேட்டு.