தண்ணீர் எங்கே தயங்குகிறது?

புணேயின் கராடியில் பழைய கட்டடம் என்றால் இருபது, இருபத்தைந்து வயது இருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்பு முளா முட்டா ஆற்றோரம் வயலும் கிராமமுமாக இருந்த இடம் இது. இயான் ஐடி பார்க்கும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுவதற்குச் சற்று முன்னால் கட்டிய நாலு மாடிக் குடியிருப்புகள் இன்னும் சந்துகளுக்குள் இருக்கின்றன. நாங்கள் வாடகைக்கு இருப்பது அப்படி ஒன்றில். இந்த வீடுகளில் ஒரே புகார் திரும்பத் திரும்ப எழும்: டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் கொஞ்சம் மேலேறி நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. அடைத்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. சரியாகப் போகிறது என்றும் சொல்ல முடியாது.

பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்து ஊற்றுவது. அன்று போகவில்லை என்றால் மறுநாள் இன்னொரு பாட்டில். நோய் எதுவென்று பார்க்காமலே மருந்து கொடுக்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு நிஜமான கோபம் உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் ஒடிசாவின் கேந்திராபாடா மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டத்துப் பட்டாமுண்டாய் வட்டாரத்திலிருந்து இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பிளம்பர்கள் போயிருக்கிறார்கள். குழாய் வேலை கற்பிக்க அங்கே ஓர் அரசுப் பயிற்சி நிலையமே இருக்கிறது. வந்தவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. "பாபி (அண்ணி), ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள்" என்று என் மனைவியிடம் இந்தியில் கேட்டார். முக்கால் வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து கோப்பைக்குள் ஒரே வீச்சில் சாய்த்தார். தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "குழாயில் ஒன்றும் இல்லை சார். கோளாறு மேலே" என்றார்.

இதைவிட நல்ல பரிசோதனையை நான் பார்த்ததில்லை. செலவில்லை, கருவி வேண்டாம். வாளித் தண்ணீர் சட்டென்று போனால், வெளியே செல்லும் வழி திறந்திருக்கிறது. தொட்டியிலிருந்து கோப்பைக்கு வரும் தண்ணீர்தான் போதவில்லை. வாளித் தண்ணீரும் தேங்கி நின்றால், கோளாறு வளைவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏன் இப்படி என்று புரிய, கோப்பைக்குப் பின்னால் இருக்கும் வளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக் கைவினைஞர் 1775-இல் காப்புரிமை பெற்ற வளைவு அது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் அந்தத் தண்ணீர்தான் மறிக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பதுபோன்ற உறிஞ்சும் வகைக் கோப்பையில், தண்ணீர் வேகமாக வந்து வளைவை முழுக்க நிரப்பினால்தான் இழுப்பு பிறக்கும். அதே அளவுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால், வளைவின் மேட்டைத் தாண்டி வழிந்து போகுமே தவிர இழுத்துக்கொண்டு போகாது. எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே எவ்வளவு விரைவாக வருகிறது என்பதும் முக்கியம்.

தொட்டியைத் திறந்து பார்த்தார். முன்பு குடியிருந்தவர்கள் யாரோ பழைய தொட்டியை எடுத்துவிட்டுப் புதிய பிளாஸ்டிக் தொட்டி மாட்டியிருந்தார்கள். பழைய தொட்டிகள் பத்து லிட்டரும் அதற்கு மேலும் கொட்டும். இப்போது வருபவை ஆறு லிட்டர். அமெரிக்காவில் 1994 முதல் வீட்டுக்கான புதிய டாய்லெட்டுகளுக்கு ஆறு லிட்டர்தான் என்று சட்டமே வந்தது. தண்ணீரை மிச்சப்படுத்துவது அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு லிட்டருக்கு ஏற்ற கோப்பையின் உள்வடிவம் வேறு. பத்து லிட்டருக்கு வார்த்த கோப்பையின் மேல் ஆறு லிட்டர் தொட்டியை வைத்தால் அது திணறத்தான் செய்யும். தொட்டிக்குள் தண்ணீர் பாட்டிலைப் போட்டு மிச்சம் பிடிக்கும் யோசனையும் பழைய கோப்பைகளில் இப்படித்தான் முடிகிறது: ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டியிருக்கும். எங்கள் தொட்டியில் மிதவை தாழ்ந்தும் இருந்தது. வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி அதை உயர்த்தினார். கொஞ்சம் தேவலாம் என்று ஆயிற்று.

பெரிய குற்றவாளி கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருந்தது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். வட்டமாக வரிசையில் இருக்க வேண்டிய துளைகளில் பாதி, பழுப்பு வெள்ளையாகக் கல் பிடித்து மூடிக் கிடந்தன. அது கராடித் தண்ணீரின் வேலை. தக்காணத்துக் கரும்பாறை வழியே ஊறிவரும் நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். 2021 ஜனவரியில் பாமா ஆஸ்கேட் அணைத் திட்டம் புணேயின் கிழக்குப் பகுதிக்குத் திறந்தபிறகு மாநகராட்சித் தண்ணீர் வரத்து கூடியது உண்மை. ஆனாலும் கோடையில் எங்கள் தெருவில் டேங்கர் நிற்காத நாள் குறைவு. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும்போது, ஈரம் காயும் ஒவ்வொரு இடத்திலும் சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. குளியலறைக் குழாயில் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தால் தேய்க்கிறோம். விளிம்புக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்தான். வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு வெதுவெதுப்பான பிறகு தொட்டியின் வழிகுழாய்க்குள் மெதுவாக ஊற்றினால் விளிம்புக்குள் இறங்கும். கொதிக்கும் நீரை ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும். கரைசலில் நனைத்த துணித் திரிகளைத் துளைகள்மேல் ஒட்டி இரவு முழுக்க விட்டோம். காலையில் வளைத்த செம்புக் கம்பியால் குத்தியபோது கல் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்கு ஃப்ளஷ் செய்தபோது வந்த சத்தமே வேறு.

ஆனால் வேறொரு சத்தம் மிச்சமிருந்தது. ஃப்ளஷ் செய்தவுடன் குளியலறைத் தரையிலிருக்கும் சல்லடைக்குள் குளுகுளுவென்று குமிழி கிளம்பியது. இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. கழிவுக் குழாய் மொட்டைமாடிவரை நீண்டு வாய் திறந்திருப்பது காற்றுக்காகத்தான். உறிஞ்சுகுழலின் மேல் நுனியை விரலால் மூடினால் இளநீர் கீழே இறங்காது. அதுபோல மேலே காற்று அடைபட்டால் கீழே தண்ணீர் தயங்கும், கிடைத்த ஓட்டை வழியே காற்றைத் தேடும். மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மழைக்கு முன் ஒழுகல் வேலை செய்தவர்கள் குழாய் வாயில் சாக்குத் துணியைத் திணித்திருந்தார்கள், எடுக்கவில்லை. உருவியபிறகு கீழே சத்தம் அடங்கியது.

இப்போது ஆசிட்டுக்கு வருகிறேன். கழிவறைக்கென்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கல்லைக் கரைக்கும், மறுக்கவில்லை. கூடவே குரோம் பூச்சையும் தரை இணைப்புகளையும் அரிக்கும். மூடிய குளியலறையில் அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் எழுவது குளோரின் வாயு. காற்றுக் குழாயில் துணி அடைத்திருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை. ஊற்றியது கோப்பையிலும் வளைவிலும் நிற்கும். அடுத்து கம்பி விடுகிறவரின் முகத்தில் தெறிக்கும்.

கீழே, கட்டடத்தின் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பரைத் திறக்கிறவரும் ஒரு மனிதர். காது குடையும் பஞ்சுக்குச்சி, ஈரத்துணி, நாப்கின் என்று நாம் போடுவதெல்லாம் அங்கேதான் சேர்கிறது. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துணியும் இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அடைத்துக் கிடந்தது. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் வேலை நடந்தது. பக்கத்து வாகோலியில் 2022 அக்டோபரில் ஒரு குடியிருப்பின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-இன் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 2014-இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்ததே தவிர, இறப்பு நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக் கட்டடத்தில் மற்றவர்களும் வாளிப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். பலருக்கு விளிம்புக் கல்தான். தரைத்தள வீட்டில் மட்டும் வாளித் தண்ணீரும் அப்படியே நின்றது. அங்கே கோளாறு சேம்பரில். "இரண்டாயிரம் கொடுத்தால் இறங்க ஆள் இருக்கிறான்" என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிளம்பர் தலையாட்டி மறுத்துவிட்டார். கழிவை உறிஞ்சும் வண்டிக்குச் செலவு கூடுதல்தான். வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டு அதையே வரவழைப்பதென்றும், எங்கள் சேம்பரில் எந்தக் காரணத்துக்கும் ஆள் இறங்கக் கூடாதென்றும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வண்டி வருகிற சனிக்கிழமை வருகிறது.